மாதிரிக் கையெழுத்து

அந்தப் பை என் பைதான் அண்ணாச்சி. காலுக்கடியிலயே இருக்கட்டும், மேல தூக்கி வைக்காதீங்க. மேல வச்சா நாம ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருப்போம், எவனாவது பையைப் பாத்துக்கிட்டு இருப்பான். உள்ள ஒண்ணுமில்ல, ஒரு வேட்டி சட்டைதான். முக்கியமானது இங்கன சட்டைப் பையில இருக்கு. இருங்க, தொட்டுப் பாத்துக்கிடுதேன். ம், இருக்கு.

உங்க மூட்டையில எலுமிச்சங்காயா? வாசம் வருது. புளியங்குடிச் சரக்குத்தானே? மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். நம்ம ரெண்டு பேரும் சங்கரன்கோயில்ல ஒண்ணாத்தானே ஏறினோம். ராஜபாளையத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டிய ஆளு நான். எடுக்கலை. ஏன்னு நீங்க கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன். ஒம்பது நாளா யாருகிட்டயும் சொல்லாம நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டு சோறு இறங்க மாட்டேங்கு. தெரிஞ்சவங்ககிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா பேசும். நீங்கன்னா மதுரையில எறங்கின பொறவு நீங்க யாரோ, நான் யாரோ.

எம்பேரு உலகநாதன். கூட்டுறவு பேங்குல கையெழுத்துச் சரி பாக்குத வேலை. கணக்குத் தொடங்கும்போது ஒரு அட்டையில உங்க கையெழுத்தை வாங்கி வச்சிருப்போம்லா, அதுக்கு மாதிரிக் கையெழுத்து அட்டைன்னு பேரு. பொறவு உங்க பேரைச் சொல்லி என்ன தாள் வந்தாலும் அந்த அட்டையோட ஒத்துப் பாத்து நான் சரின்னு சொல்லணும். பதினாறு வருஷமா இதே வேலை. ஒரு தடவை ஒருத்தன், அவன் அண்ணன் கையெழுத்தை ஜன்னல் கண்ணாடியில வச்சு, மேல வெள்ளைத் தாளைப் போட்டு, அப்படியே வரைஞ்சு கொண்டாந்துட்டான். மேனேஜரு பாத்துட்டு, "அச்சு அசலா இருக்கே உலகநாதன், விட்டுருங்க"ன்னாரு. "அச்சா இருக்கு சார், அதான் கோளாறு"ன்னேன் நான். மனுஷன் கை ஒரே எழுத்தை ரெண்டு தடவை ஒண்ணு போல எழுதாது அண்ணாச்சி. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ரெண்டும் ஒண்ணு போல இருந்தா அது கள்ளம். அன்னைக்கு மேனேஜரு எந்திரிச்சு நின்னு கை குடுத்தாரு. என் கண்ணை ஒருத்தனும் ஏமாத்த முடியாது, அதை முதல்ல தெரிஞ்சுக்கிடுங்க.

இப்ப வீட்டுக் கதைக்கு வாறேன். என் வீட்டுக்காரி பேரு ஆவுடையம்மாள். ஆவுடன்னு கூப்பிடுவேன். பதினோரு வருஷமாச்சு கட்டி. மகளிர் குழுவுல சேந்து தொக்கு, ஊறுகா, இட்லிப்பொடி எல்லாம் போட்டு விக்காங்க. பாட்டில்ல ஒட்டுத சீட்டை எல்லாம் ஆவுடதான் கைப்பட எழுதுவா. அவ எழுத்து ஒரு தினுசு. அவசரத்துல கிறுக்கின மாதிரிதான் இருக்கும், ஆனா பாக்கப் பாக்க நல்லா இருக்கும். சுழியை முழுசா மூடமாட்டா. "க"வுக்கு அடியில சின்னதா ஒரு வாலு இழுப்பா. லட்சம் எழுத்துக்கு நடுவுல போட்டாலும் நான் பொறுக்கிருவேன்.

ஆவணி மாசம் பீரோவுல இன்ஷூரன்ஸ் தாள் தேடுதேன். சேலைக்கு அடியில ஒரு கட்டுத் தாள் இருக்கு. எடுத்துப் பாத்தா, கட்டம் கட்டமா போட்டு கட்டத்துக்கு ஒரு எழுத்து. க, கா, கி, கீ. அடுத்த தாள்ல ச, சா, சி, சீ. வார்த்தையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கூடவே கறுப்புப் பேனா ஒரு டஜன். முப்பத்தாறு வயசுப் பொம்பளை என்னத்துக்குய்யா அனா ஆவன்னா எழுதிப் பழகுதா? அதையும் சேலைக்கடியில ஏன் ஒளிச்சு வைக்கணும்?

கேட்டேன். கேக்காம இருப்பனா? மதுரையில நஸ்ரின்னு ஒரு பொண்ணு, தொக்கு பாட்டில்ல இவ எழுத்தைப் பாத்துச்சாம், கம்ப்யூட்டர்ல ஏத்தப்போகுதாம், அப்படின்னு என்னமோ சொன்னா. நான் கிரிக்கெட் பாத்துக்கிட்டு இருந்தேன், முழுசா காதுல விழலை. ஆனா சொல்லும்போது அவ சிரிச்சா. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. எதுக்குச் சிரிக்கணும்?

அதுக்குப் பொறவு ஐப்பசியில பேங்குக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. மாப்பிள்ளைக்கு நாகர்கோயிலு, எனக்கு யாருன்னே தெரியாது. முன்பக்கம் பெருசா, "கண்டிப்பா வந்துரணும், சொல்லிட்டேன்!" அப்படின்னு போட்டிருக்கு. ஆவுட எழுத்து. நாகர்கோயில்காரன் கல்யாணத்துக்கு என் பொண்டாட்டி எதுக்கு உரிமையா கூப்பிடுதா? சரி, பொறுத்துப் பாப்போம்னு பத்திரிகையை எடுத்துப் பத்திரமா வச்சேன். மறுவாரம் ஒரு ஜூஸ் கடை வாசல்ல, "வெயிலா இருக்கா? வாங்க, உக்காருங்க"ன்னு போர்டு. அவ எழுத்து. பஸ்ஸுக்குப் பின்னால ஒரு துணிக்கடை விளம்பரம், அவ எழுத்து. பிறந்தநாள் கேக்கு டப்பாவுல, செடி விக்கிறவன் வண்டியில, பிள்ளையள் பிஸ்கட் டப்பாவுலன்னு எங்கன பாத்தாலும் ஆவுட, எல்லாரையும் உரிமையா வா வான்னு கூப்பிட்டுக்கிட்டு நிக்கா. வீட்டுல என்னடான்னா, "சாப்பிட வாங்க"ன்னு ஒரு வார்த்தை, அதுவும் அடுப்படிக்குள்ள இருந்து.

கடைசியில தென்காசி ரோட்டுல ஒரு பேக்கரியில காப்பி குடிச்சேன். காகிதக் கப்பு. அதுல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? "உனக்காகத்தான் சூடா வச்சிருக்கேன்." உனக்காக! யாருக்குய்யா? பாதிக் காப்பி என் சட்டையில. கடைக்காரனைக் கேட்டேன், இதை எழுதினது யாருடான்னு. "கப்பு சிவகாசியிலேருந்து வருது அண்ணே"ங்கான். சொல்லும்போது மூக்கைத் தடவினான். முறுக்கு மீசை வேற. நான் அந்தக் கப்பைக் கழுவித் துடைச்சு கைக்குட்டையில சுத்தி வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். சாட்சி வேணும்லா?

கார்த்திகைக்கு ஆவுட தம்பி வந்திருந்தான். சண்முகவேலுன்னு பேரு, ராஜபாளையத்துல மில்லுல இருக்கான். அவன் இருக்கும்போதே கேட்டுருவோம், நாளைக்கு யாரும் மாத்திப் பேசக்கூடாதுன்னு, பத்திரிகை, கப்பு எல்லாத்தையும் மேசையில வரிசையா வச்சேன். பேங்குலேருந்து ஒரு மாதிரிக் கையெழுத்து அட்டை கொண்டாந்திருந்தேன். அதையும் பேனாவையும் அவ முன்னால வச்சு, "எழுது"ன்னேன்.

"என்னத்தை எழுத?"ன்னு கேட்டா.

"கப்புல உள்ளதையே எழுது. பத்துத் தடவை."

சண்முகவேலு, "அத்தான், என்ன இது?"ன்னு எந்திரிச்சான். அவ அவனை உக்காரச் சொல்லிட்டா. என் முகத்தை ஒரு தடவை பாத்தா. பொறவு குனிஞ்சு எழுத ஆரம்பிச்சா. உனக்காகத்தான் சூடா வச்சிருக்கேன், உனக்காகத்தான் சூடா வச்சிருக்கேன்னு, வரி வரியா. எட்டாவது வரியில நிறுத்தி, "இன்னும் ரெண்டு இருக்குல்லா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். எழுதி முடிச்சு பேனாவுக்கு மூடி போட்டு வச்சா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல அண்ணாச்சி. தப்பு இல்லாதவ அழுவாள்லா? அதுவும் எனக்கு உதைச்சுது.

ஒத்துப் பாத்தா, கப்போட சேரலை. கப்புல ரெண்டு "ன்" இருக்கு, ரெண்டும் அச்சா ஒண்ணு போல. இவ எழுதின பத்து வரியில ஒரு "ன்" மாதிரி இன்னொண்ணு இல்ல. வேணும்னே மாத்தி எழுதியிருக்கான்னேன். அப்பத்தான் சண்முகவேலு போனை எடுத்து என்னமோ தட்டி என் மூஞ்சிக்கு நேரா காட்டினான். "உலகநாதன்"னு இருக்கு. அவ எழுத்துல! அவன் தட்டத் தட்ட அவ எழுத்தா வருது. "அத்தான், இதுக்குப் பேரு ஃபாண்டு. அக்கா எழுத்தை ஒவ்வொண்ணா வாங்கி கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்காக. ஆரு வேணும்னாலும் வாங்கி, என்ன வேணும்னாலும் அடிக்கலாம். பத்திரிகை அடிக்கிறவன், கப்பு அடிக்கிறவன் எல்லாம் அதை வாங்கித்தான் போடுதான். ஆவணி மாசமே சொன்னேன்னு அக்கா சொல்லுதாளே, நீங்க கேக்கலையா?"ங்கான்.

ஒண்ணு சொல்லுதேன், சிரிக்காதீங்க. என் பேரை அவ எழுதி நான் அதுவரைக்கும் பாத்ததே கிடையாது. அவ எழுத்துல என் பேரு நல்லாத்தான் இருந்துச்சு.

அதோட மனசு ஆறணும்லா? எனக்கு ஆறலை. ஆரு வேணும்னாலும் அடிக்கலாம்னா, நாளைக்கு அவ எழுதினதுன்னு எதை நம்புததுக்கு? பதினோரு வருஷமா, "பால் அடுப்புல இருக்கு, அணைச்சிருங்க"ன்னு எழுதி வச்சிட்டுப் போவாளே, அதெல்லாம் ஆரு எழுதினது? அதைத்தான் கேட்டேன். வாய்விட்டுக் கேட்டுட்டேன். சாயங்காலமே தம்பி கூடக் கிளம்பிட்டா.

போன் பண்ணினா. எடுக்கலை நான். இப்ப ஆளு குரலைக்கூட கம்ப்யூட்டர் அப்படியே பேசுதாம்லா, பேப்பர்ல போட்டிருந்தான். எதுக்கு வம்புன்னு அவ நம்பரையே தடுத்து வச்சிட்டேன்.

ஒம்பது நாளைக்கு முன்னால இந்த லெட்டர் வந்துச்சு. சட்டைப் பையில இருக்குன்னு சொன்னேன்லா, இதுதான். நீங்க படிக்கலாம். ஆனா ஓரத்துல மட்டும் பிடிங்க.

"நீங்க போனை எடுக்கலை, அதனால எழுதுதேன். கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில எழுத்து வேலைக்குக் கூப்பிடுதாக. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நாலேகால் பஸ். நீங்க நேர்ல வாங்க. வந்து, வா ஆவுடன்னு ஒரு வார்த்தை சொன்னா வீட்டுக்கு வந்துருதேன். வரலைன்னா அங்கயே சேந்துருவேன். பொறவு கூப்பிட வேண்டாம்." அதுக்குக் கீழ ஒரு வரியை அழுத்தி அழுத்திக் கோடு போட்டு அடிச்சிருக்கு, என்னன்னு தெரியலை. கடைசியில, "தக்காளித் தொக்கு மேல் தட்டுல பின்னால இருக்கு. எண்ணெய் மேல நிக்குதான்னு பாத்துக்கோங்க." அவ்வளவுதான்.

அதேதான் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமைன்னா இன்னைக்குத்தான். ஆனா இதை அவதான் எழுதினாங்கிறதுக்கு என்ன ஆதாரம்? அன்னைக்கு என் கண்ணு முன்னாலயே என் பேரைத் தட்டிக் காட்டினவன் ஆரு? சண்முகவேலு. அக்கா வீட்டோட வந்து உக்காந்துட்டாளேன்னு அவனுக்குப் பாரம். எப்படியாவது என்னைய வரவழைச்சு ஏத்திவிட்டுரணும்னு அவனே போன்ல தட்டி, அச்சடிச்சு, தபால்ல போட்டுட்டான். நான் வாயைப் பொளந்துக்கிட்டுப் போய் நின்னா, "நான் எங்க எழுதினேன்?"னு அவ கேப்பா. நான் மூஞ்சியை எங்கன கொண்டு வைக்க? அதான் மதுரைக்குப் போறேன். ஆவுட எழுத்தை வாங்கின அந்த நஸ்ரின்கிட்ட லெட்டரைக் காட்டி, "ஆமா, இது எங்க ஃபாண்டுல அடிச்சதுதான்"னு எழுதி வாங்கிட்டு வந்து மச்சான் மூஞ்சியில வீசணும்.

தொக்கா? இருந்துச்சு. மேல் தட்டுல, பின்னாலதான். எண்ணெயும் நின்னுச்சு. நாலு நாளா அதைத் தொட்டுக்கிட்டுத்தான் சாப்பிடுதேன். அதெப்படி சண்முகவேலுக்குத் தெரியும்னு கேக்கீங்களா? அவன்... அக்காகிட்ட கேட்டிருப்பான். கேட்டுத் தெரிஞ்சுக்கிட முடியாதா என்ன?

எத்தனையோ நாளிருக்க இன்னைக்கு ஏன் கிளம்பினேன்னா, இன்னைக்குத்தான் லீவு கிடைச்சுது. நீங்க என்ன வக்கீல் மாதிரி துருவுதீங்க?

பஸ் ஏன் நிக்குது? ஓ, ராஜபாளையமா. நிக்கட்டும். டீ குடிக்கிறவன் குடிக்கட்டும், ஏறுதவன் ஏறட்டும். நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன். மச்சான் வீடு இந்த பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ரெண்டாவது தெருதான். திரும்பமாட்டேன்னா திரும்பமாட்டேன்.

என்ன காட்டுதீங்க? எந்த போர்டு? அந்தப் பிள்ளையள் துணிக்கடையா? "இன்னும் என்ன யோசனை? உள்ள வாங்க!" ... பாத்தீங்களா? பாத்தீங்களாய்யா? இங்கயும் வந்து நிக்கா. அவ எழுத்துதான், ஆனா அவ இல்ல. ரெண்டு "ன்"னையும் பாருங்க, என்ன அளவெடுத்த மாதிரி. இதைத்தான் நான் தலையால அடிச்சுக்கிடுதேன்.

எறங்குங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு? மணி மூணு பத்துதான் ஆவுது. நான் எறங்கமாட்டேன்... கண்டக்டரு "போகட்டும், ரைட்!"ங்கான். அப்பாடா. எடுத்துட்டான். இனிமே மதுரைதான்.

நீங்க ஏன் உச்சுக் கொட்டுதீங்க? நம்பலையா? பதினாறு வருஷ அனுபவத்துல சொல்லுதேன், இது அச்சு. வாங்க, இப்பவே நிரூபிக்கேன். அன்னைக்கு அவ பத்து வரி எழுதின அட்டையும் சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன். இந்தா. இதை நீங்க பிடிங்க, லெட்டரை நான் பிடிக்கேன். பஸ் ஆடுது, கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்புங்க. லெட்டர்ல "வா"ன்னு ரெண்டு இடத்துல வருது பாருங்க. "வாங்க"ல ஒண்ணு, "வா ஆவுட"ல ஒண்ணு. அச்சுன்னா ரெண்டு "வா"வும் ஒண்ணு போல இருக்கும். முதல் "வா"வைப் பாருங்க, சுழி திறந்திருக்கா? இருக்கு. அடுத்த "வா"... அடுத்ததுல...

இருங்க. என் கண்ணாடியைத் துடைச்சுக்கிடுதேன்.

மூடியிருக்கு. இதுல சுழி மூடியிருக்கு. சரி, வேற எழுத்துப் பாப்போம். "க" பாப்போம். கோயமுத்தூருக்கு முன்னால "எடுக்கலை"யில ஒரு "க". வாலு நீளம். "பாத்துக்கோங்க"வுல... வாலே இல்ல. பேனா அதுக்குள்ள அடுத்த எழுத்துக்கு ஓடிருச்சு. "தொக்கு"ல பேனா நின்னு மை ஊறியிருக்கு. அட்டையில எட்டாவது வரிக்குப் பொறவும் இதே மாதிரிதான் ஊறியிருக்கு, அங்கதானே நிறுத்திக் கேட்டா. அண்ணாச்சி, பின்பக்கம் தடவிப் பாருங்க. மேடா இருக்குல்லா? எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதா? நீங்களும் தடவிச் சொல்லுங்க.

அச்சுக்கு மேடு விழாது அண்ணாச்சி. பதினாறு வருஷமா நான் விரலால தடவிப் பாக்குதது இதைத்தான். ஒம்பது நாளா இந்த லெட்டரைத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன், பையில இருக்கா இருக்கான்னு. ஒரு தடவை திருப்பித் தடவலையே.

அந்த அடிச்ச வரி. ஜன்னலுக்கு நேரா பிடிங்க, பின்பக்கமிருந்து பாத்தா அழுத்தினது தெரியும். "எனக்கு"... "எனக்கு உங்களை"... "எனக்கு உங்களைத் தேடுது."

பிள்ளையள்தான் இப்படிச் சொல்லும். அம்மாவைக் காணலைன்னா, "எனக்கு அம்மாவைத் தேடுது"ன்னு அழும். எழுதிட்டு, இந்த ஆளுக்கு இது எதுக்குன்னு அடிச்சிருக்கா. அவதான் அண்ணாச்சி. அவ கைதான். நான் ஒரு கூறுகெட்ட மூதி.

இது எந்த இடம்? மணி என்ன? கோபுரம் தெரியுதே, ஸ்ரீவில்லிபுத்தூரு வந்துட்டா? மூணரையா? கண்டக்டரே, நிப்பாட்டுங்க! பஸ் ஸ்டாண்டுலதான் நிக்குமாம்லா. இருங்க, போனைப் போடுதேன். தடுத்து வச்சிருக்கதை முதல்ல எடுத்துவிடணும். இதுல எங்கன இருக்கு அது... சனியன்... ஆங். அடிக்குது.

ஆவுட! நான்தான். நான்தான் பேசுதேன். லெட்டர் வந்துச்சு. வந்து ஒம்பது நாளாச்சு. பஸ் ஏறிராத. தப்பு என் மேலதான் ஆவுட. பூராவும் என் மேலதான். எனக்கும்... எனக்கும் தேடுது. ஏய், நான்தாம்ட்டி! நான் உலகநாதன்தான் பேசுதேன்! ஆவுட, ஆவுட...

வச்சிட்டா. என்ன சொன்னான்னு கேக்கீங்களா? "குரலு அவுக குரல் மாதிரிதான் இருக்கு. ஆனா தப்பு என் மேலன்னு அவுக இதுவரைக்கும் சொன்னது கிடையாதே. ஆரோ கம்ப்யூட்டர்ல பேசுதாக போல"ங்கா. நாலேகால் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலதான் நிப்பாளாம். ஆளு நேர்ல வந்தா ஒத்துப் பாத்துட்டுச் சொல்லுதாளாம்.

சிரிக்காதீங்க அண்ணாச்சி. அந்தப் பையை எடுங்க, நிக்கப் போறான். எதுத்தாப்புல ராஜபாளையம் பஸ் நிக்குது, ஓடினா பிடிச்சிரலாம். லெட்டரைக் குடுங்க. அட்டை வேண்டாம், அதை நீங்களே கிழிச்சுப் போட்டுருங்க.

வாறேன். ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. அவ பேசும்போது பக்கத்துல ஒரு ஆம்பளைக் குரல் கேட்டுது. "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க"ன்னு. ஆரா இருக்கும்?... இல்ல, விடுங்க. பஸ் ஸ்டாண்டுல்லா. கண்டக்டரா இருக்கும். கண்டக்டராத்தான் இருக்கும்.